நேராக்கிய முடியிலிருந்து இயற்கைச் சுருளுக்கு: இடைக்காலத்தில் சடை எவ்வளவு உதவும்?

மார்த்தாண்டம் அருகே விடுதியில் தங்கிச் செவிலியர் படிப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டிருப்பது இது. நான்கு ஆண்டுகளாகப் பார்லரில் முடியை ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துவந்த அவர், பத்து மாதங்களுக்கு முன் அதை நிறுத்திவிட்டார். இப்போது வேரிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுருட்டையும், அதற்குக் கீழே 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு நேரான முடியும் இருக்கின்றன. ஆப்பிரிக்கப் பெண்கள் போட்டுக்கொள்ளும் மெல்லிய பின்னல்களைச் செயற்கை முடி சேர்த்துப் போட்டு, இரண்டு மாதம் அவிழ்க்காமல் வைத்துக்கொண்டு இந்த இடைக்காலத்தைக் கடந்துவிடலாமா என்பது அவரது முதல் கேள்வி. எண்ணெயை நன்றாகத் தேய்த்து இறுக்கிப் பின்னினால் முடி வளரும் என்று அம்மாவும் அம்மச்சியும் சொல்வது சரியா என்பது இரண்டாவது. தை மாதம் வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது, அதற்காக மட்டும் ஒருமுறை நேராக்கிக்கொள்ளலாமா என்பது மூன்றாவது.

சடை உங்களுக்கு உதவும். ஆனால் அது செய்யும் வேலை என்ன, செய்யாத வேலை என்ன என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியைச் சிக்கிலிருந்தும் உராய்விலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பது சடையின் வேலை. முடியைக் குணப்படுத்துவதோ, வேகமாக வளர்ப்பதோ, உங்கள் சுருளின் இயல்பை உங்களுக்குக் கற்றுத் தருவதோ அதன் வேலை அல்ல. பராமரிப்பு முழுவதும் சடையை அவிழ்க்கிற நாளில்தான் நடக்கிறது, ஆகவே உங்களுக்குத் தேவை அடிக்கடி அவிழ்க்கக்கூடிய, தளர்வான சடை. இரண்டு மாதம் பூட்டிவைக்கும் பின்னலை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தலையில் இப்போது இருப்பது என்ன என்று பார்க்கலாம். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் குறுக்காகப் பிணைத்திருப்பவை கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள். பார்லரில் முதலில் பூசப்படும், மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள கிரீமில் பெரும்பாலும் தயோகிளைக்கோலேட் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள் இருக்கும். அது அந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுத்துவிடுகிறது. பிறகு சூட்டுக் கருவியால் முடியை இழுத்து நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாவது கிரீமைப் பூசி, நேரான நிலையிலேயே பிணைப்புகளை மறுபடி பூட்டிவிடுகிறார்கள். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்ற பொருள் என்பதால் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் ஆற்றல் அதற்குக் கிடையாது. எனவே நேராக்கப்பட்ட அந்த 40 சென்டிமீட்டர் எந்த எண்ணெயாலும், எந்த மூலிகையாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிரீமாலும் மீண்டும் சுருளாது. வெட்டப்படும் நாள்வரை அது அப்படியேதான் இருக்கும். சுருளை மீட்டுத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பாட்டில்களுக்குப் பணம் செலவழிக்காமல் இருப்பது இந்தப் பராமரிப்பின் முதல் படி.

சுருட்டை முடிந்து நேர்முடி தொடங்கும் அந்தக் கோட்டில்தான் உங்கள் முடி மிகவும் பலவீனமாக இருக்கிறது. மேலே இருப்பது வளைய விரும்பும் உறுதியான முடி. கீழே இருப்பது புரதத்தை இழந்து மெலிந்த முடி. சீப்பை மேலிருந்து கீழாக இழுக்கும்போது சுருளின் வளைவுகளில் சிக்கிய விசை முழுவதும் அந்தக் கோட்டில்தான் போய் இறங்குகிறது. ‘முடி கொட்டுகிறது’ என்று இந்தக் கட்டத்தில் பலர் சொல்வதில் பாதி உண்மையில் கொட்டுவதல்ல, அந்த இடத்தில் ஒடிவது. விழுந்த முடியை விரலில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, இரண்டு முனையும் மழுங்கியோ பிளந்தோ இருந்தால் அது ஒடிந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. ஒடிவதைத்தான் நாம் நிறுத்த முயல்கிறோம், அதற்குச் சடை நன்றாகப் பயன்படுகிறது. மூன்று காலாகப் பின்னிய முடியில் சுருட்டையும் நேர்முடியும் ஒரே கட்டாக நகர்வதால் அந்தக் கோட்டில் தனித்தனி இழைகள் இழுபடுவது குறைகிறது. பலத்த காற்று வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து போய்வந்தவர்களுக்கு, விரித்த முடிக்கும் பின்னிய முடிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

அம்மாவும் அம்மச்சியும் சொல்வதில் பின்னுவது சரி, இறுக்குவது தவறு. இறுக்கிப் பின்னினால் முடி வளரும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேர்க்குழியில். அந்த வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், சிலருக்குக் கொஞ்சம் கூடுதல். வெளியே போடும் முடிச்சு அந்த வேகத்தை மாற்றாது. பின்னிய முடி நீளமாகத் தோன்றுவதற்குக் காரணம், ஒடியாமல் தப்பிய நீளம் கையில் மிஞ்சுவதுதான். மறுபக்கம், இறுக்கம் செய்யும் கேடு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. தொடர்ந்து இழுக்கப்படும் முடியின் வேர்க்குழி முதலில் அழற்சி அடைகிறது, பிறகு மெலிந்த முடியைத் தருகிறது, ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தழும்பாகி நிரந்தரமாக மூடிக்கொள்கிறது. இதை இழுவை வழுக்கை என்கிறார்கள். முடியை உச்சியில் இறுக்கிக் கட்டும் வழக்கமுள்ள கிரீன்லாந்துப் பெண்களிடம் இது காணப்பட்டதாக 1907ஆம் ஆண்டிலேயே பதிவு உண்டு. கொண்டையை இறுகக் கட்டும் சீக்கிய ஆண்களிடமும் கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் பள்ளிக்காலம் முழுவதும் ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் வைத்து இறுக்கிக் கட்டிய பெண்கள் சிலருக்கு, நடுவகிடு அகன்றும் நெற்றியோரம் மேலேறியும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அது வம்சவாகு என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்பி வரும் என்பதால், இதைக் காலத்தில் கண்டுகொள்வது முக்கியம்.

பின்னிய பிறகு புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித் தோல் இழுபட்டால் அது இறுக்கம். வேரைச் சுற்றித் தோல் சிறு கூடாரம்போல் எழும்பி நின்றாலும், மறுநாள் சீவும்போது தலை வலித்தாலும், காதோரத்திலும் நெற்றியோரத்திலும் சிறு பருக்கள் தோன்றினாலும், வேரருகே முடியைச் சுற்றி வெள்ளையான குழல்போன்ற செதில்கள் தெரிந்தாலும், அன்றே அவிழ்த்துவிட வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும் என்று காத்திருப்பவர்கள்தான் பின்னால் மருத்துவரிடம் போகிறார்கள். வகிடை எப்போதும் ஒரே இடத்தில் எடுக்காமல் வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலமாவது மாற்றுங்கள். வெறும் ரப்பர் பேண்டைத் தவிர்த்து, துணி சுற்றிய பேண்டைப் பயன்படுத்துங்கள். அதையும் சுருட்டையும் நேர்முடியும் சேரும் கோட்டின்மேல் போடாமல் நுனிக்குச் சற்று மேலே போடுங்கள்.

இனி ஆப்பிரிக்கப் பின்னல்களைப் பற்றி. அந்தக் கலையின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆப்பிரிக்கக் கண்டத்தில் மிகப் பழங்காலத்திலிருந்து வளர்ந்து, அடிமைமுறையின் வழியாக அமெரிக்காவுக்குப் போய், இன்று கறுப்பினப் பெண்கள் தங்கள் இயற்கை முடியை மீட்டுக்கொள்ளும் முயற்சியின் நடுவில் நிற்கும் கலை அது. அமெரிக்காவில் பள்ளியிலும் பணியிடத்திலும் அத்தகைய பின்னல்களுக்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 2019இல் கலிபோர்னியா மாநிலம் முதலில் அதை இயற்றியது. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரங்களால் முடியை நேராக்குவதை விட்டுவிட்டு, இயற்கை முடி வளரும்வரை அதைச் சிறு சிறு பின்னல்களுக்குள் பாதுகாத்து வைப்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட வழி. இணையத்தில் நீங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை. அந்த முடிக்கு அவை பொருந்தும்.

உங்கள் முடி வேறு. அவர்களுடைய முடி மிக நெருங்கிய சுருள்களாக வளர்வதால் தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் இழையின் வழியே எளிதில் இறங்காது. முடி வறண்டு இருப்பதால் வாரக்கணக்கில் கழுவாமல் இருந்தாலும் பிசுபிசுப்பு குறைவு, பின்னலும் நழுவாமல் நிற்கும். நம் பக்கத்தில் பெரும்பாலும் காண்பது அலைமுடியும் தளர்ந்த சுருட்டையும்தான். முடியின் வகைகளை ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்டு ஆண்ட்ரே வாக்கர் என்ற அமெரிக்கச் சிகையலங்காரர் வகுத்த வரிசையில் நம்மவர் பலர் இரண்டிலும் மூன்றிலும் வருவார்கள். நம் தலையில் எண்ணெய் வேகமாக இறங்கும், வியர்வையும் சேரும், இழை வழுக்கும் என்பதால் பின்னல் நிற்பதற்காகவே அதைத் தேவைக்கு மேல் இறுக்கிப் போடுவார்கள். அதனோடு சேர்க்கும் செயற்கை முடியின் பாரம் ஒவ்வொரு சிறு கட்டின் வேரிலும் இரவு பகலாகத் தொங்கும். உங்கள் விஷயத்தில் அது ஏற்கெனவே பலவீனமான கோட்டையும் சேர்த்து இழுக்கும்.

முடியோடு வேறு முடி சேர்த்துப் பின்னுவது நமக்கும் புதிதல்ல, சவுரி நம் வீட்டுப் பெண்களின் பெட்டியில் எப்போதும் இருந்ததுதான். ஆனால் சவுரியைப் பிடரிக்குக் கீழே சேர்த்துப் பின்னி, விசேஷம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். ஒரு நாள் சுமந்த பாரத்துக்கும் எட்டு வாரம் சுமந்த பாரத்துக்கும் வேர்க்குழியில் உள்ள வேறுபாடு பெரிது. உங்களுக்கு அந்தத் தோற்றத்தின்மேல் ஆசை இருந்தால், நேராக்கிய பகுதி முழுவதும் வெட்டப்பட்ட பிறகு, செயற்கை முடி சேர்க்காமல், விரல் பருமனுள்ள பின்னல்களாக, ஒன்றிரண்டு வாரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். இப்போது வேண்டாம்.

நம் குமரி மாவட்டத்தின் பருவமும் இதில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே கிடைக்கும் ஊர் என்பதால் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. ஆனி ஆடிச் சாரலில் காலையில் குளித்த முடி மாலைவரை காயாது. அப்படி உள்ளே ஈரம் தங்கிய பின்னலில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் முடை நாற்றமும் அரிப்பும் பொடுகும் வருவது ஏறக்குறைய உறுதி. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலையிலும் வாழ்கிறது. எண்ணெய்ப் பசையை உண்டு வாழும் அது வெப்பமும் ஈரமும் கூடினால் பெருகும். வறண்ட குளிர்நாட்டில் எழுதப்பட்ட ‘ஆறு வாரம் அவிழ்க்காதீர்கள்’ என்னும் அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். உங்களுக்கு நான் சொல்லும் அளவு, ஒரு சடையை அதிகபட்சம் நான்கு நாள் வைத்திருப்பது; மழைக்காலத்தில் மூன்று நாள் போதும்.

எண்ணெயைப் பற்றி உங்கள் அம்மச்சி சொல்வதில் பாதிக்கு மேல் ஆய்விலும் நிரூபணமானது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். கிளையில்லாத நேர்ச்சங்கிலியாக, அளவில் சிறிதாக இருப்பதால் அது முடியின் உள்ளே ஊடுருவுகிறது. 2003இல் ரேலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், குளிப்பதற்கு முன்போ பின்போ பூசினால் முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. வேதிப்பொருளால் பழுதடைந்த முடியிலும் அது அவ்வாறே செயல்பட்டது. ஆகவே உங்கள் நேர்முடிப் பகுதிக்கு அது நல்ல காவல். வீட்டில் செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயானாலும் செக்கில் ஆட்டிய வெறும் எண்ணெயானாலும் இந்தப் பயன் தேங்காய் எண்ணெயுடையதுதான். மூலிகை மணத்துக்கும் மனநிறைவுக்கும் இருக்கட்டும்.

எங்கே, எப்போது பூசுகிறோம் என்பதில்தான் வீட்டு வழக்கத்தை மாற்ற வேண்டும். குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ முந்தைய இரவோ, முடியின் நடுவிலிருந்து நுனிவரை, சுருட்டையும் நேர்முடியும் சேரும் கோட்டில் சற்றுக் கூடுதலாகப் பூசுங்கள். தலைத்தோலில் வழிய வழியத் தேய்த்து அதன்மேல் சடையை மூடி நாள்கணக்கில் விடுவது பொடுகுக்கு விருந்து வைப்பதாகும். பொடுகு ஏற்கெனவே இருந்தால், தலைத்தோலில் எண்ணெய் வைப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, கீட்டோகோனசோல் 2 சதவீதம் உள்ள ஷாம்பூவை வாரத்துக்கு இருமுறை, தலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் நிற்கவிட்டுக் கழுவுங்கள். நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது அவிழ்க்கும் நாளுக்கு வருவோம், உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் வேண்டும். வாரத்தில் இருமுறை, அவசரமில்லாத பொழுதாக வைத்துக்கொள்ளுங்கள். சடையை நுனியிலிருந்து விரலால் பிரித்துக்கொண்டே மேலேறுங்கள். மேலிருந்து பிரித்தால் உதிர்ந்த முடி கீழே திரண்டு முடிச்சாகும். நான்கு நாள் பின்னியிருந்த முடியில் இருநூறு முதல் நானூறு உதிர்ந்த இழைகள் சிக்கியிருப்பது கணக்குப்படி இயல்புதான், எனவே கையில் ஒரு சிறு பந்து வந்தால் பதற வேண்டாம். எண்ணெய் பூசி ஊறியபின் முடியை நான்கு பகுதியாகப் பிரித்துத் தளர்வாக முறுக்கிக் கிளிப் போட்டு, ஒவ்வொரு பகுதியாகக் கழுவுங்கள். ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து தலைத்தோலில் மட்டும் விரல்நுனியால் தேயுங்கள். வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். முடியை உச்சியில் குவித்து உள்ளங்கைகளால் கசக்கினால் சுருட்டைப் பகுதி அங்கேயே சிடுக்காகும்.

சீயக்காய்த் தூளை நேரடியாகத் தேய்ப்பதை இந்தக் காலத்தில் விட்டுவிடுங்கள், துகள்கள் சுருளுக்குள் தங்கி உராயும். வேண்டுமானால் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்துங்கள். செம்பருத்தி இலையை அரைத்தெடுக்கும் தாளி எனக்குப் பிடித்த பொருள். அதன் வழுவழுப்பு சிக்கெடுப்பதற்கு ஏற்றது, ஆனால் தேங்காய் எண்ணெயை முழுதாக எடுக்கும் வலு அதற்கில்லை. ஷாம்பூவுக்குப் பின் கண்டிஷனருக்குப் பதிலாக அதைத் துணியில் பிழிந்தெடுத்துப் பயன்படுத்தலாம்.

சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் சீவக் கூடாது. நேரான முடிக்குச் சொல்லும் ‘ஈரத்தில் சீவாதே’ என்ற பொதுவிதிக்கு இது எதிராகத் தோன்றும். நனைந்த முடி உண்மையிலேயே வலுக்குறைந்ததுதான். ஆனால் காய்ந்த சுருளில் சீப்பு ஏற்படுத்தும் இழுப்பு அதைவிடக் கேடானது. எனவே கண்டிஷனரோ தாளியோ நிறைய இருக்கும்போதே, முதலில் விரலால், பிறகு அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து ஆரம்பித்துச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுங்கள். சீவும் இடத்துக்கு மேலே மறுகையால் முடியைப் பிடித்துக்கொண்டால் இழுப்பு கோட்டுக்கும் வேருக்கும் போகாது. பின்பு அலசிவிட்டு, துவர்த்தால் (துண்டால்) அடித்து உலர்த்தாமல், பழைய மெல்லிய பருத்தித் துணியால் அழுத்தி ஈரத்தை ஒற்றியெடுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். கடலோர ஊர்களில் கிணற்றுநீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், சோப்புப் போட்டுக் குளித்தால் வெண்படலமே உண்டாகும். விடுதியில் அத்தகைய தண்ணீர்தான் என்றால், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி குடிநீரோ பிடித்துவைத்த மழைநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, இந்தப் படிவைப் பிடித்து நீக்கும் இடிடிஏ என்னும் வேதிப்பொருள் சேர்ந்த ஷாம்பூவால் கழுவுங்கள்.

முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த பிறகே சடை போட வேண்டும். அதுவரை விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் குளித்து வந்ததும் போடும் குளிப்பின்னல் நல்ல ஏற்பாடு. இரு காதுக்கு மேலிருந்தும் மெல்லிய இழை ஒவ்வொன்று எடுத்து, பின்னால் தளர்வாக இரண்டு மூன்று சுற்றுப் பின்னி விட்டுவிட்டால், மற்ற முடியெல்லாம் விரிந்து காயும், முகத்தில் விழாது, சிக்கும் பிடிக்காது. இழுப்பே இல்லாத பின்னல் என்பதால் இதை நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.

உங்கள் முடியை ‘கற்றுக்கொள்வது’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் சடை போடுபவர்கள் இதில் எளிதில் ஏமாந்துபோகிறார்கள். சடையை அவிழ்த்ததும் முடியில் அழகான அலை தெரியும். அது உங்கள் சுருள் அல்ல. முடியில் கந்தகப் பிணைப்புகளைத் தவிர ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. நனைந்தால் அவிழ்ந்து, காயும்போது அப்போதைய வடிவிலேயே மறுபடி சேர்ந்துகொள்பவை அவை. ஈரம் மிச்சமிருக்கும் முடியைப் பின்னிக் காயவைத்தால் பின்னலின் வடிவம் அதில் பதிகிறது, அடுத்த மழைக்காற்றில் கலைகிறது. இது நேர்முடியையும் சுருட்டையையும் ஒன்றுபோல் காட்ட நல்ல தந்திரம், விசேஷங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் சுருளின் இயல்பை அறிய, இரு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவிய முடியைப் பின்னாமல், எதுவும் பூசாமல், விரித்துக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். காய எவ்வளவு நேரமாகிறது, பிடரியில் சுருள் நெருக்கமா, உச்சியில் தளர்வா, எந்த இடம் முதலில் வறள்கிறது என்று கவனியுங்கள். ஒரே தலையில் இரண்டு மூன்று வகைச் சுருள் இருப்பது சாதாரணம். தம்ளர் தண்ணீரில் ஒரு முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது; முடிமேல் துளி எண்ணெய் இருந்தாலே முடிவு மாறிவிடும் என்பதால் அதை நான் பொருட்படுத்துவதில்லை.

பயிற்சிக்குப் போகும் நாட்களில் கொண்டை கட்டி வலை போட வேண்டியிருக்கும். உச்சிக்கொண்டை வேண்டாம். தளர்வான ஒற்றைச் சடையைப் பிடரிக்கு அருகே சுற்றி, நுனியில் பிளாஸ்டிக் முனை உதிராத ஊசிகளால் குத்திக்கொள்ளுங்கள், விடுதிக்குத் திரும்பியதும் இறக்கிவிடுங்கள். இருசக்கர வண்டியில் போனால் ஹெல்மெட்டுக்குள் ஒரு மெல்லிய துணி கட்டுங்கள், அதை அன்றாடம் துவைத்துவிடுங்கள். இரவில் சடையை இன்னும் தளர்த்தி, தலையணைமேல் பழைய பட்டுத்துணியோ சாட்டின் துணியோ விரித்துக்கொண்டால் பருத்தி உறையின் உராய்வு குறையும். விடுதி வாழ்க்கையில் பேன் தொற்றும் வாய்ப்பு உண்டு. பின்னிய முடியில் அது எளிதில் ஏறாது என்றாலும், ஏறிவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் பெருகும் என்பதால் கழுவும் நாளில் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பார்த்துவிடுங்கள்.

எப்போது இது முடியும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கணக்குத் தெரிந்தால் பொறுமை தானாக வரும். மாதம் 1 சென்டிமீட்டர் வளர்ச்சி என்று கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 4 சென்டிமீட்டர் வெட்டினால், ஓராண்டில் சுருட்டை 22 சென்டிமீட்டராகவும் நேர்முடி 16 சென்டிமீட்டராகவும் ஆகும். இருபதாவது மாதத்தில் நேர்முடி முழுவதும் போய், 30 சென்டிமீட்டர் சுருட்டை முடி கையில் இருக்கும். சுருண்டு நிற்கும்போது அது தோளைத் தொட்டால் அதிகம். ஒரேயடியாக வெட்டிவிடுகிறவர்களும் உண்டு, அது துணிவைப் பொறுத்தது. கல்யாண வயதுப் பெண் முடியை வெட்டினாள் என்று நம் வீடுகளில் எழும் பேச்சை நான் அறிவேன், அதனால்தான் படிப்படியான வழியைச் சொல்கிறேன். நேர்முடி சுருட்டையைவிடக் குறைந்தவுடன் சடை நுனியில் மெலிந்து வால்போல் தெரியும். அந்தக் கட்டத்தில் சடையைவிட, பிடரியில் தளரச் சுற்றிய சிறு கொண்டையே தோதாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சடையையும் எண்ணெயையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். கடும் காய்ச்சல், பிரசவம், திடீர் உடல் எடைக் குறைவு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் வேரோடு முடி உதிர்வதுண்டு. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் காரணமாகலாம். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, நெற்றியோரத்தில் முடி மறைந்து முன்விளிம்பில் மெல்லிய இழைகள் மட்டும் வரிசையாக மிஞ்சினாலோ, தோலில் வழவழப்பான தழும்பு தெரிந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

கல்யாணத்துக்காக வேதிப்பொருளால் நேராக்குவது வேண்டாம். பத்து மாதம் வளர்ந்த சுருட்டையை அது ஒரே மதியத்தில் அழித்துவிடும், கீழே உள்ள பகுதிக்கு இரண்டாம் முறை மருந்து பட்டால் ஒடிந்தே போகலாம். ‘கெரட்டின் சிகிச்சை’ என்று பெயர் சொன்னாலும் அதில் மிகுந்த சூடு உண்டு, பல கலவைகளில் ஃபார்மால்டிஹைடு ஆவியும் வெளிவருகிறது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்ட ஆவி அது. வெறும் சூட்டுக் கருவியைக்கூட வேர்ப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டாம். புடவைக்கு நம் பக்கத்தில் எப்படியும் சடைதானே போடுகிறோம். முந்தைய நாள் கழுவி, லேசான ஈரத்தில் நான்கைந்து தளர்வான பின்னல் போட்டுக் காயவிட்டு அவிழ்த்தால் இரண்டு வகை முடியும் ஒரே அலையாக வரும். அதை ஒற்றைச் சடையாகப் பின்னி, நீளமோ பருமனோ போதவில்லை என்றால் அன்றைக்கு மட்டும் லேசான சவுரியும் குஞ்சமும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோவாளைப் பிச்சிப்பூவை எத்தனை முழம் வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் நனைந்த பூச்சரம் கனக்கும் என்பதால், காதோர முடியில் குத்தாமல், சடை தொடங்கும் இடத்துக்குக் கீழே, பின்னலின் கால்களுக்கு நடுவே கோத்துவிடச் சொல்லுங்கள். முடி நிற்பதற்கு ஸ்ப்ரே அடித்திருந்தால், மறுநாள் சீப்பைத் தொடுவதற்கு முன் எண்ணெய் பூசி ஊறவைத்துக் கழுவிவிடுங்கள்.